மருந்து தருபவரின் பொறுப்பு: கலிஃபோர்னியா ஃபார்மசிச் சட்டம் 4301-க்கு ஒரு விளக்கவுரை

புகுமுன்

2006-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 2017 வரை, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் வால்கிரீன்ஸ் கடைகளில் ஒரு பெண் மருந்தாளுநராக வேலை பார்த்தார். 7,45,000-க்கும் அதிகமான மருந்துச் சீட்டுகள் அவர் கைப்பட்டு வெளியே போயின. அவற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை ஃபென்டனில், மார்ஃபின், கோடீன், ஆக்ஸிகோடோன் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கானவை. ஆனால் அவரிடம் மருந்தாளுநர் உரிமம் இல்லை. முறையாக உரிமம் பெற்ற வேறு சிலரின் எண்களைத் தம்முடையவை என்று காட்டி வேலை செய்தார் என்பதே அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. 2019-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் அவர்மீது ஆள்மாறாட்ட வழக்குத் தொடுத்தது. 2020 பிப்ரவரியில், அலமேடா, சாண்டா கிளாரா மாவட்டங்களின் அரசு வழக்கறிஞர்கள் தொடர்ந்த நுகர்வோர் வழக்கை முடித்துக்கொள்ள வால்கிரீன்ஸ் 75 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஊழியர்களின் உரிமத்தைச் சரிபார்க்கத் தனி ஏற்பாடு செய்யவும், ஆண்டுதோறும் தணிக்கை நடத்தவும் இசைந்தது.

மில்பிடாஸ், சாண்டா கிளாரா மாவட்டத்து ஊர். ஃப்ரீமான்ட் எல்லை தாண்டினால் அலமேடா. வேலைக்கும் கடைக்கும் பிள்ளைகளின் பாட்டு வகுப்புக்கும் இந்த இரண்டு மாவட்டங்களுக்குள்ளேயே சுற்றி வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது அண்டை வீட்டுச் செய்தி. இதைக் கேள்விப்பட்ட யாருக்கும் எழும் முதற்கேள்வி, பத்தாண்டுக்கு மேலாக யாரும் பார்க்கவில்லையா என்பது. அதற்கு விடை தேட, ஒரு மருந்தாளுநர் எதைச் செய்தால் தவறு, அந்தத் தவறுக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்று வகுத்திருக்கும் சட்டத்தைப் படிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் தொழில், வணிகச் சட்டத் தொகுப்பில் 4301-ஆம் பிரிவு அதுதான். அதன் முக்கிய உட்பிரிவுகளின் கருத்தைத் தமிழில் சுருக்கித் தந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே விளக்கம் எழுதுகிறேன்.

1. சட்டத்தின் நோக்கம் (பிரிவு 4001.1)

மூலம்: உரிமம் தருவதிலும், ஒழுங்குபடுத்துவதிலும், ஒழுங்கு நடவடிக்கையிலும் பொதுமக்களின் பாதுகாப்பே ஃபார்மசி வாரியத்தின் தலையாய கடமை. வேறெந்த நலனும் அதோடு மோதினால் மக்கள் பாதுகாப்பே மேலோங்கும்.

விளக்கம்: 4301-க்குள் நுழையும் முன் இதை மனத்தில் நிறுத்த வேண்டும். வாரியத்தில் 13 உறுப்பினர்கள்; 7 பேர் மருந்தாளுநர்கள், 6 பேர் பொதுமக்கள் தரப்பினர். தொழில்காரர்களே பெரும்பான்மையாக இருக்கும் சபை தன் ஆட்களை விட்டுக்கொடுக்குமா என்ற ஐயம் நியாயமானது. அந்த ஐயத்துக்கு விடையாகவே இந்த வாசகம் நிற்கிறது. மருந்தாளுநரின் பிழைப்பு ஒரு தட்டிலும் நோயாளியின் உயிர் மறுதட்டிலும் வந்தால் எது தாழ வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. உறுப்பினர்களின் மனப்போக்குக்கு விடவில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். குற்றவியல் நீதிமன்றம் தண்டிப்பதற்காக இருக்கிறது. வாரியம் காப்பதற்காக இருக்கிறது. ஆகவே நீதிமன்றத்தில் ஒருவர் விடுதலையானாலும் வாரியம் தன் விசாரணையைத் தொடரலாம். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற கண்டிப்பு இங்கே இல்லை. அதற்காகச் சாதாரண சிவில் வழக்கின் அளவு ஆதாரமும் போதாது. ஒருவர் ஆண்டுக்கணக்கில் படித்துப் பெற்ற உரிமத்தைப் பறிக்கத் தெளிவான, நம்பத்தக்க ஆதாரம் வேண்டும் என்பது கலிஃபோர்னிய நீதிமன்றங்கள் வகுத்த அளவுகோல்.

2. தலைவாசகம்

மூலம்: தொழில்நெறி தவறிய எந்த உரிமதாரர்மீதும் வாரியம் நடவடிக்கை எடுக்க வேண்டும். கீழே வருபவை அந்த நெறிதவறலில் அடங்கும்; அவற்றோடு முடிந்துவிடாது.

விளக்கம்: பட்டியலில் பெயர் இல்லாத தவறு என்று சொல்லித் தப்ப வழியில்லை. சட்டம் எழுதியவர்கள் எதிர்பாராத புதிய முறைகேடும் இதற்குள் வரும்.

உரிமதாரர் என்றால் மருந்தாளுநர் மட்டும் என்று நினைக்கக் கூடாது. டெக்னீஷியனுக்கு உரிமம் உண்டு, பயிற்சி மருந்தாளுநருக்கு உண்டு, கடைக்கே தனி உரிமம் உண்டு. மருந்தாளுநர் உரிமம் பெற இங்கே ஃபார்ம்.டி. படிப்பும், 1,500 மணி நேரப் பயிற்சியும், தேசிய அளவில் ஒன்றும் மாநிலச் சட்டத்தை ஒட்டி ஒன்றுமாக இரண்டு தேர்வுகளும் வேண்டும். நம் ஊரில் நான்காண்டு பி.ஃபார்ம் முடித்து வந்தவர்கள் பலருக்கு இந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. 2003 முதல் பட்டம் பெற்ற வெளிநாட்டவரிடம் ஐந்தாண்டுப் படிப்பைக் கேட்கிறார்கள். அதனால் நன்கு படித்தவர்கள் பலர் டெக்னீஷியனாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறார்கள். அவர்கள் மாத்திரையை எண்ணலாம், லேபிள் ஒட்டலாம், கணினியில் பதியலாம். சொந்த முடிவு தேவைப்படும் எதையும் செய்யக் கூடாது. நோயாளிக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. அறிவு இருக்கிறதா என்று சட்டம் அங்கே பார்க்கவில்லை. தவறு நடந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்றே பார்க்கிறது.

3. திறமையின்மை, பெருங்கவனக்குறைவு (உட்பிரிவுகள் பி, சி)

மூலம்: திறமையின்மை, பெருங்கவனக்குறைவு.

விளக்கம்: பட்டியலிலேயே மிகச் சிறிய உட்பிரிவுகள் இவை, நியாயமாகப் பயன்படுத்த மிகக் கடினமானவையும் இவையே. ஏனென்றால் பிழை வேறு, நெறிதவறல் வேறு. நாளெல்லாம் நூற்றுக்கணக்கான சீட்டுகளைப் பார்க்கும் ஒருவரின் கை ஒருமுறை தவறினால், அதற்காக அவர் தொழிலையே பறிப்பது முறையாகாது. எச்சரிக்கைக் குறிப்போடும் அபராதத்தோடும் முடியும் வழக்குகள் பல. இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் சாதாரணமாகக் காட்டும் கவனத்திலிருந்து மிகவும் விலகிப் போவதுதான் பெருங்கவனக்குறைவு.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை தருவார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் அதைச் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிருக்கே ஆபத்து வரும். உலகின் பல நாடுகளில் இப்படி இறந்தவர்கள் உண்டு. இப்போது ஆறு மாத விசாவில் கோயம்புத்தூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் தைராய்டு மாத்திரை, இரவில் பிரஷர் மாத்திரை என்று எல்லா மருந்தையும் தினமும் போட்டுப் பழகியவர். இங்கே ஒரு டாக்டர் இந்த மாத்திரையை எழுதித் தருகிறார். சீட்டில் 'தினமும்' என்று தவறாக வந்துவிடுகிறது. மருந்தாளுநர் அதைப் பார்த்த மாத்திரத்தில் நிறுத்த வேண்டும். சீட்டில் குறிப்பிடத்தக்க பிழையோ குழப்பமோ இருந்தால், எழுதிய டாக்டரிடம் கேட்டுத் தெளியாமல் மருந்து தரக் கூடாது என்பது மாநில விதி. சீட்டு சரியாகவே இருந்தாலும், புதிய மருந்து என்பதால் மருந்தாளுநர் தம் வாயால் விளக்க வேண்டும். 'வாரத்தில் எந்தக் கிழமை சாப்பிடப் போகிறீர்கள்?' என்ற ஒரு கேள்வி அந்த அம்மாவைக் காப்பாற்றும். கணினி காட்டிய எச்சரிக்கையைப் படிக்காமல் தள்ளிவிட்டு, விளக்கமும் சொல்லாமல் பையைக் கொடுத்தனுப்பினால் அதைக் கைத்தவறு என்று சொல்ல முடியாது. நோயாளியின் பதிவேட்டைப் பார்க்காமல் விடுவதும், தம் தொழிலறிவைப் பயன்படுத்தாமல் விடுவதும் தனியே நெறிதவறல் என்று 4306.5-ஆம் பிரிவு சொல்கிறது.

இந்த ஆலோசனையை வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. நம்மில் பலர் அந்த உரிமையைத்தான் தவறாமல் பயன்படுத்துகிறோம். மொழி தெரியாத பெற்றோருக்காக மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கடைகளில் ஒட்டப்படும் மொழி அறிவிப்பில் இருக்கும் 12 மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் அந்தச் சேவை தமிழில் கிடைக்குமானால், தொலைபேசி வழியாகவாவது இலவசமாக ஏற்பாடு செய்து தர வேண்டியது கடையின் கடமை.

வேலைச்சுமையின் பங்கையும் சட்டம் மெல்ல ஏற்றுக்கொண்டு வருகிறது. இத்தனை சீட்டு முடித்தாக வேண்டும் என்று மருந்தாளுநருக்கு இலக்கு வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2021-இல் நிறைவேறியது. மருந்துப் பிழைகளைக் கடைகள் வெளியே தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 2023-இல் வந்தது. தனிமனிதரைத் தண்டிப்பதோடு நிற்காமல், அவரை விரட்டும் நிறுவனத்தையும் பார்க்கும் நல்ல திருப்பம் இது.

4. போதை தரும் மருந்துகளை அளவுமீறித் தருதல் (உட்பிரிவு டி)

மூலம்: கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைத் தெளிவாகவே அளவுமீறி வழங்குதல்.

விளக்கம்: இந்த உட்பிரிவு, சுகாதாரச் சட்டத் தொகுப்பின் 11153-ஆம் பிரிவைச் சார்ந்தது. சரியான சீட்டு எழுதும் பொறுப்பு டாக்டருடையது. அதற்கு இணையான பொறுப்பு மருந்து தரும் மருந்தாளுநருடையது என்கிறது அது. டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், எனக்கென்ன என்று மருந்தாளுநர் சொல்ல முடியாது. அவர் டாக்டரின் ஏவலாள் இல்லை. தாமே யோசித்துத் தடுக்கக் கடமைப்பட்ட இரண்டாம் காவல்.

எதைப் பார்த்து யோசிப்பது? 2013-இல் பசிஃபிக்கா ஃபார்மசி வழக்கில் தான் தந்த தீர்ப்பை வாரியம் முன்னுதாரணமாக அறிவித்தது. ஒரே முகவரியிலிருந்து பல நோயாளிகள், வெகு தூரத்திலிருந்து வருபவர்கள், ரொக்கப் பணம், காலத்துக்கு முன்பே மறுபடி கேட்பது, ஒரே டாக்டர் பலருக்கும் ஒரே மருந்துக் கூட்டை எழுதுவது போன்ற அபாய அறிகுறிகள் அந்த வழக்கின் வழியே தொழில் முழுவதற்கும் தெளிவாயின. அறிகுறியைக் கண்டும் விசாரிக்காமல் மருந்து கொடுத்தால் அது நெறிதவறல்.

நிறுவனத்தின் பங்கு இங்கேயும் வருகிறது. 2022 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூட்டாட்சி நீதிபதி சார்லஸ் பிரேயர், ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளால் அந்த நகரத்துக்கு விளைந்த கேட்டில் வால்கிரீன்ஸுக்குப் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். சந்தேகச் சீட்டுகளைச் சரிபார்க்க மருந்தாளுநர்களுக்கு நேரமும் வசதியும் தரப்படவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி. அடுத்த ஆண்டு நகரத்துக்கு 23 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. இப்போது புகுமுன் பகுதியில் சொன்ன ஒரு லட்சம் சீட்டுகளை நினைத்துப் பாருங்கள். இந்த இரண்டாம் காவலில் நிற்க வேண்டிய இடத்தில், அதற்கான பயிற்சியும் பொறுப்பும் இல்லாத ஒருவர் நின்றிருந்தார்.

5. நேர்மையின்மை, பொய் ஆவணம் (உட்பிரிவுகள் எஃப், ஜி)

மூலம்: ஒழுக்கக்கேடு, நேர்மையின்மை, மோசடி, வஞ்சகம், ஊழல் கலந்த எந்தச் செயலும், அது தொழிலில் நடந்தாலும் வெளியே நடந்தாலும் சரி. தெரிந்தே பொய்யான ஆவணத்தில் கையெழுத்திடுதல்.

விளக்கம்: கடைக்கு வெளியே செய்த மோசடிக்கு ஏன் உரிமம் போக வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். மருந்தாளுநர் சொல்வதை நோயாளியால் சரிபார்க்க முடியாது என்பதே காரணம். வெள்ளை மாத்திரை எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். அதன் பெயரும் அளவும் லேபிளில் இருப்பதுதான் என்று நம்பியே விழுங்குகிறோம். காப்பீட்டுக்குப் பொய்க் கணக்கு எழுதத் துணிந்தவரின் லேபிளை எந்த நம்பிக்கையில் ஏற்பது?

6. தாமே போதைக்கு அடிமையாதல் (உட்பிரிவு எச்)

மூலம்: தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளையும் வகையில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தையோ மதுவையோ பயன்படுத்துதல்.

விளக்கம்: கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்கும் தொழில் இது. அதில் விழுந்தவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட மருந்தாளுநர்களுக்கென்றே சட்டப்படி ஒரு மீட்புத் திட்டம் நடக்கிறது. அவராகவே முன்வந்தும் சேரலாம், வாரியமும் அனுப்பலாம். நோயாளியைக் காப்பது முதற்கடமை என்றால், திருந்தக் கூடியவரை மீட்பதும் அந்தக் கடமையின் பகுதியே. நம் வீடுகளில் குடிப்பழக்கத்தை மறைப்பதே குடும்ப மானம் என்று வைத்திருக்கிறோம். மறைத்து மறைத்து, கடைசியில் உரிமம் போகும்போதுதான் வெளியே தெரிகிறது.

7. தண்டனையும் பிற மாநில நடவடிக்கையும் (உட்பிரிவுகள் எல், என்)

மூலம்: தொழிலோடு நெருங்கிய தொடர்புடைய குற்றத்துக்குத் தண்டனை பெறுதல், இங்கும் குற்றமாகக் கூடிய காரணத்துக்காக வேறு மாநிலத்தில் உரிமம் பறிபோதல், நிறுத்தப்படுதல்.

விளக்கம்: நியூ ஜெர்சியில் உரிமம் போனால் டெக்சாஸில் கடை வைக்கலாம், அங்கும் போனால் இங்கே வரலாம் என்ற ஓட்டத்தை இது அடைக்கிறது. வழக்கை எதிர்க்கவில்லை என்று சொல்லி முடித்துக்கொண்டாலும் வாரியத்தின் கணக்கில் அது தண்டனைதான்.

8. உடந்தையாதல் (உட்பிரிவு ஓ)

மூலம்: இச்சட்டத்தை மீறுதல், மீற முயலுதல், மீறுவோருக்குத் துணைபோதல்.

விளக்கம்: நம்மவர்கள் நின்று படிக்க வேண்டிய உட்பிரிவு இது. தமிழ்நாட்டில் மருந்தாளுநர் சான்றிதழை வாடகைக்கு விடுவது ஊரறிந்த வழக்கம். சுவரில் ஒருவர் சான்றிதழ் தொங்கும். அவர் வேறெங்கோ வேலையில் இருப்பார். மாதம் ஒரு தொகை கைக்கு வரும். மருந்தை எடுத்துக் கொடுப்பது பத்தாவது படித்த பையன். 1948-ஆம் ஆண்டின் இந்திய ஃபார்மசிச் சட்டத்தின்படி, தொழிலுக்கு இழுக்கான நடத்தை உடையவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். சட்டம் அங்கேயும் இருக்கிறது. வழக்கமும் அங்கேயே இருக்கிறது. விரிகுடாப் பகுதியில் நடந்ததில் உரிமதாரர்கள் தங்கள் எண்ணை வாடகைக்கு விட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. ஆனாலும் நோயாளி அடைந்த நிலை ஒன்றேதான்: பதிவில் ஒரு பெயர், கவுண்டரில் வேறொரு ஆள்.

ஒவ்வொரு ஃபார்மசிக்கும் ஒரு பொறுப்பு மருந்தாளுநர் இருக்க வேண்டும். கடையில் சட்டம் காக்கப்படுகிறதா என்பதற்கு அவரே பதில் சொல்ல வேண்டும். 'எனக்குத் தெரியாமல் நடந்தது' என்பது எடுபடுமா? தெற்கு கலிஃபோர்னியாவில் ஒரு டெக்னீஷியன் 2 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வலிநிவாரணி மாத்திரைகளைத் திருடினார். பொறுப்பு மருந்தாளுநருக்குத் திருட்டில் பங்கில்லை. அவருக்கு அது தெரியவும் தெரியாது. ஆனாலும் வாரியம் அவர் உரிமத்தை ரத்து செய்து, அந்த ரத்தை நிறுத்திவைத்து, மூன்றாண்டுக் கண்காணிப்பில் வைத்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சரி என்றது. தெரியாது என்பது இங்கே தற்காப்பாகாது. இருப்பைக் காப்பதும் கணக்கை வைப்பதும் அவர் வேலை. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தெரியாதவரெல்லாம் தப்பலாம் என்றால், எதையும் பார்க்காமல் இருப்பவரே பாதுகாப்பானவர் ஆகிவிடுவார். பத்தாண்டுக்கு மேல் யாரும் பார்க்கவில்லையா என்ற நம் முதற்கேள்விக்கு விடை இதில் இருக்கிறது: பார்க்க வேண்டியது தன் வேலை என்று யாரும் நினைக்காத இடத்தில் எதுவும் கண்ணில் படாது.

9. விசாரணையைக் கெடுத்தல் (உட்பிரிவு க்யூ). தண்டனை வகைகள் (பிரிவு 4300)

மூலம்: வாரியத்தின் விசாரணையைக் கெடுக்கும் நடத்தையும் நெறிதவறலே. குற்றம் உறுதியானால் தீர்ப்பை நிறுத்திவைத்தல், கண்காணிப்பில் வைத்தல், ஓராண்டுக்கு மிகாமல் தொழிலிலிருந்து விலக்குதல், உரிமத்தை ரத்து செய்தல் ஆகியவற்றில் ஏற்றதைச் செய்யலாம்.

விளக்கம்: புகார் வந்ததும் உரிமம் போய்விடாது. முதலில் விசாரணை, பிறகு எழுத்தில் குற்றச்சாட்டு. 15 நாளுக்குள் மறுப்பைத் தெரிவித்தால், வாரியத்தைச் சாராத நிர்வாக நீதிபதி முன் வழக்கு நடக்கும். அவர் தரும் முடிவை வாரியம் ஏற்கலாம், மாற்றலாம். அதற்கு மேல் நீதிமன்றம் உண்டு. தகுந்த காலம் கழித்து உரிமத்தைத் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது. ரத்தானவர் பொதுவாக மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். உரிமத்தை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினால் வழக்கு முடிந்துவிடும் என்று கணக்குப் போட முடியாது. ஒப்படைத்த பிறகும் வாரியத்தின் அதிகாரம் தொடரும். குற்றச்சாட்டும் முடிவும் பொது ஆவணங்கள்.

முடிவுரை

4301 உரிமதாரர்களைப் பார்த்துப் பேசும் சட்டம். ஆனால் அதை இயங்க வைப்பவர்களில் நாமும் உண்டு. கடையின் உரிமம் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். ஊழியர் தம் பெயரும் உரிம நிலையும் எழுதிய அட்டையை அணிந்திருக்க வேண்டும். அந்தப் பெயரை மாநில அரசின் இணையப் பதிவேட்டில் இட்டால், உரிமம் நடப்பில் இருக்கிறதா, எப்போதாவது நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறதா என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தவறான மருந்து வந்தால் புட்டியையும் லேபிளையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு வாரியத்துக்குப் புகார் எழுதலாம். அதற்கு வக்கீல் வேண்டியதில்லை. விசா, வேலை என்று ஆயிரம் கவலைகளுக்கு நடுவே, புகார் கொடுத்தால் நமக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று ஒதுங்கும் குணம் நம்மிடம் உண்டு. நாம் ஒதுங்கினால் அடுத்த நோயாளி மாட்டிக்கொள்வார்; அவர் ஊரிலிருந்து வந்த யாரோ ஒருவரின் தாயாகவும் இருக்கலாம்.

நேர்மையாகத் தொழில் செய்யும் மருந்தாளுநர்களே இந்தத் தொழிலில் பெரும்பான்மை. அவர்கள் நின்று பேச விரும்புகிறார்கள். அவர்களுக்கு நேரமில்லாமல் செய்வது கடையும் நம் அவசரமும். அடுத்த முறை புதிய மருந்து வாங்கும்போது, மருந்தாளுநரிடம் கேட்க ஏதாவது உண்டா என்று திரை கேட்டால், 'ஆம்' என்பதை அழுத்துங்கள். எதற்கு இந்த மருந்து, எத்தனை நாள், ஏற்கெனவே சாப்பிடுபவற்றோடு ஒத்துப்போகுமா என்று கேளுங்கள். அந்தப் பதிலைச் சொல்லவும், சொன்னதற்குப் பொறுப்பேற்கவும்தான் சட்டம் அவருக்கு உரிமம் கொடுத்திருக்கிறது.